ரெங்கம் என்பது ஊர்ப் பெயர் மட்டுமா?

மலேசியாவில் விவசாயமோ மண்ணியலோ படித்த யாரிடமாவது 'ரெங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு ஒரு மண்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த நாட்டு மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம். செர்டாங், மலாக்கா, சிகாமட், குவாந்தான், சிலாங்கூர் எல்லாம் அப்படி மண்ணுக்கும் பெயராகிப்போன இடங்கள். கருங்கல் மக்கி உண்டான, பருமணல் கலந்த மஞ்சள் பழுப்புக் களிமண்ணுக்கு 'ரெங்கம் தொடர்' என்று பெயர். தீபகற்பத்தில் கருங்கல் குன்றுகள் இருக்கும் பக்கமெல்லாம் இந்த மண் பரவிக் கிடக்கிறது. பேராக்கில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்களிலும் பகாங்கில் செம்பனைக் குலை அறுத்தவர்களிலும் எத்தனையோ பேர் எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கும் மண்ணில் நின்றுதான் வேலை செய்திருப்பார்கள்.

ரெங்கம் ஜொகூரில், குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டிய சின்ன டவுன். 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. ரயில் வந்ததும் இந்தப் பக்கத்துக் காட்டில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் பாட்டன், பூட்டன்மார் இந்த மண்ணில் குழி வெட்டினார்கள், பாரிட் (வாய்க்கால்) தோண்டினார்கள், மேடு சீவி ரோடு போட்டார்கள். மண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த குடும்பங்களில் பிறந்த நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வீட்டுச் சுவரில் விரிசல் விழும்போதுதான் கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்கிறோம். எனக்கும் அப்படித்தான் ஆனது. எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டினோம். இரண்டாவது வருஷம், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்தால், அதற்குள் ஐம்பது காசு நாணயம் நுழைகிறது. வீடே கொத்தனாரைத் திட்டியது. அதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதி மண்ணின் சங்கதி.

முதலில் கல்லைப் பார்க்கலாம். தீபகற்பத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னாலும் பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது. அதன் மேலே கிடந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போக, அது வெளியே வந்தது. கருங்கல்லை உடைத்துப் பார்த்தால் மூன்று சாமான்கள் கண்ணில் படும். கண்ணாடிச் சில்லு போல மின்னுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டி கட்டியாக இருப்பது ஃபெல்ஸ்பார். கரும்புள்ளியாகத் தெரிவது அபிரகம், அதாவது மைக்கா.

வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, குளிர்காலமே இல்லாத வெப்பம். இந்த இரண்டும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட கல்லும் தாங்காது. மழை நீர் காற்றிலும் வேர்களிலும் இருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. ஃபெல்ஸ்பாரில் இருக்கும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் கரைந்து ஓடிவிடும். மிஞ்சிய சிலிக்காவும் அலுமினாவும் தண்ணீரோடு சேர்ந்து புதிதாக ஒரு கனிமமாக உருவெடுக்கும். அதுதான் கயோலினைட் என்னும் களி. கரும்புள்ளி மைக்காவில் இருந்த இரும்பு துருவாகி மஞ்சளும் சிவப்பும் கொடுக்கும். குவார்ட்ஸ் மட்டும் கரைய மறுத்து, மணலாகக் களிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ரெங்கம் மண்ணைப் பிசைந்தால் விரலில் நறநறவென்று உறுத்துகிறதே, அது அந்தப் பழைய கருங்கல்லின் குவார்ட்ஸ்தான்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, புதிதாக மேடு வெட்டிய இடத்தில் பார்ப்பது நல்லது. குளுவாங் போகும் வழியில் எங்காவது ரோட்டுக்காக மேட்டைச் சீவியிருந்தால் நின்று பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண், வேரும் சருகுமாக. அதன் கீழே ஆள் உயரத்துக்கு மேல் மஞ்சளும் செம்மையுமான களி. இன்னும் கீழே போனால் மண் வெளிறி, ரோஸும் வெள்ளையுமாக மாறும். அந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கருங்கல்லின் புள்ளிகளும் கோடுகளும் அச்சு அசலாக அப்படியே தெரியும், ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிரும். உருவம் கல், உடம்பு மண். கல் தன் இடத்திலேயே இருந்தபடி மக்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த மக்கல் பல இடங்களில் 30 மீட்டர் ஆழம்கூடப் போகும். நடுவில் ஆங்காங்கே மக்காமல் தப்பிய உருண்டைப் பாறை யானைக் குட்டி அளவுக்குக் கிடக்கும். அஸ்திவாரத்துக்காகத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் பைலிங் அடிக்கிறவர் "பாறை தட்டிடுச்சு" என்று நிறுத்திவிட்டுப் போவார். அது அடிப்பாறையா, உருண்டையா என்று சோதிக்காமல் விட்டால் பிறகு வீட்டுக்காரர்தான் அவஸ்தைப்பட வேண்டும்.

களி என்றால் எல்லாம் ஒன்றல்ல. நம் பாட்டன்மாரில் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கரிசலை அறிந்தவர்கள். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பிக் காலைப் பிடித்துக்கொள்ளும் மண் அது. அங்கே களியில் ஸ்மெக்டைட் என்ற கனிமம் அதிகம். அதன் தகடுகள் ஒன்றோடொன்று தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும், தண்ணீர் இடையில் புகுந்து அவற்றை விலக்கிவிடும். வீடே ஏறி இறங்கும். எங்கள் கயோலினைட்டில் தகடுகள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீரால் இடையில் நுழைய முடியாது. ஆகவே ரெங்கம் மண் பெரிதாக உப்பாது, பெரிதாக வெடிக்காது. வீடு கட்டுகிறவனுக்கு இது பெரிய வரம்.

பயிர் செய்கிறவனுக்கு அதே குணம் சங்கடம். ஸ்மெக்டைட் தன் தகடுகளுக்கிடையில் உரச் சத்தைப் பிடித்து வைக்கும், கயோலினைட்டால் அவ்வளவு பிடிக்க முடியாது. ஃபெல்ஸ்பாரில் இருந்த பொட்டாசியமோ எப்போதோ ஆற்றோடு போயிற்று. வருஷா வருஷம் தோட்டத்தில் மூட்டை மூட்டையாக உரம் போட்டார்களே, ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. பச்சைப்பசேல் என்று காடு இருந்த மண்ணுக்கு எதற்கு உரம்? காட்டின் சத்து காட்டுக்குள்ளேயே, இலையிலும் சருகிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மண்ணில் இருந்தது கொஞ்சம்தான்.

இப்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவோம், எங்கள் அடுப்படிக் கதைக்கு இது முக்கியம். குன்றின் மேல் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும் அதே களி, மழையோடு அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் படியும்போது சாம்பல் நிறமாக வெளிறிவிடும். பள்ளத்தில் எப்போதும் நீர் தேங்கி நிற்பதால் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் துரு கரைந்துபோகும், இரும்பு நீரோடு போய்விடும், களி வெளுத்துவிடும். மேட்டு மண் இறுகலாக, வெயில் பட்டால் கெட்டியாக இருக்கும். பள்ளத்து மண் எந்நேரமும் ஈரமாக, வெண்ணெய் மாதிரி கத்தி இறங்கும். பானை வனைகிறவர்களுக்கு நுண்ணிய, வழவழப்பான இந்தப் பள்ளத்துக் களிதான் பிடிக்கும். ஆயர் ஈத்தாம் சாலையில் வரிசையாகப் பானைக் கடைகள் இருப்பதும், மாச்சாப்பில் மேடேறிப் போகும் நீளமான சீனத்து டிராகன் சூளை இருப்பதும் சும்மா இல்லை. கருங்கல் மக்கிய நாட்டில் நல்ல களி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்.

தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், பெரும்பாலும் பலகைச் சுவரும் தகரக் கூரையும். ஊரில் மண் குழைத்துச் சுவர் வைத்து வாழ்ந்த ஜனங்கள் இங்கே வந்து ஏன் மண் வீடு கட்டவில்லை என்று நான் பெரியவர்களைக் கேட்டிருக்கிறேன். "இந்த மழைக்கு நிக்குமா சாமி?" என்பதே பதில். அவர்கள் சொன்னது சரி. சுடாத களிச் சுவரின் பலமெல்லாம் அது காய்ந்திருப்பதில்தான். தஞ்சாவூரில் மழை முடிந்து மாதக்கணக்கில் வெயில் அடிக்கும், சுவர் காயும், இங்கே அந்த இடைவெளி கிடையாது. மண் கைவேலை மட்டும் கூடவே வந்தது. லயத்துப் பின்பக்கம் மண் அடுப்பு போட்ட பாட்டிமார், பாரிட் கரையில் வெட்டிய சாம்பல் களியோடு உமியோ வைக்கோலோ கிடைக்காத இடத்தில் லாலான் புல்லைப் பொடியாக நறுக்கிக் கலந்தார்கள். களி காயும்போது சுருங்கும், நார் அதைப் பிடித்து நிறுத்தும். செங்கல் பொறியாளர் ஒரு பக்கம் எழுதுவதை அந்தக் கை செய்து காட்டியது.

புற்று மண்ணையும் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் இடுப்பளவு எழும்பி நிற்கும் கறையான் புற்று, அடி மண்ணிலிருந்து பொறுக்கிய களித் துகள்களை எச்சிலில் குழைத்து அந்தப் பூச்சிகள் கட்டியது. பெரிய மணல் மணிகளை அவை பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் ரெங்கம் மண்ணைவிடப் புற்று மண் நுண்மையாக, சலித்து எடுத்ததுபோல் இருக்கும். அடுப்புக்கு மேல்பூச்சு பூச அதைத் தேடினார்கள். தோட்டத்துக் கோயிலில் புற்றுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் தரத்தையும் அறிந்தே இருந்தார்கள்.

நிலைத்து நிற்கும் வீட்டுக்குக் களியைச் சுட வேண்டும். இந்த நாட்டில் அதன் பெரிய கதை கோலாலம்பூரில் நடந்தது. 1881-இல் அந்த ஊரைத் தீயும் வெள்ளமும் ஒரே வருஷத்தில் அழித்தன. மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று அடுத்த வருஷம் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் நிர்வாகியாக, வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை வைத்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். இன்று நாம் பூவும் புடவையும் வாங்கப் போகும் தெருக்களுக்கு அடியில் வெட்டியெடுத்த களிமண் குழிகள் இருந்தன.

ஜொகூர்ப் பக்கத்துச் சூளைகளில் வேலை இப்படி நடக்கும். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, கீழ்க் களியை வெட்டிக் குவித்து, மழையிலும் வெயிலிலும் ஆற விடுவார்கள். பிறகு மெஷினில் அரைத்துப் பிசைந்து, பற்பசை மாதிரி நீளமாகப் பிதுக்கி, கம்பியால் துண்டு போடுவார்கள். நிழலில் காய வைத்துச் சூளையில் ஏற்றுவார்கள். பழைய சூளைகள் பல, 1858-இல் ஜெர்மானியரான ஃபிரெடரிக் ஹாஃப்மன் காப்புரிமை பெற்ற வளையச் சூளை வகை. நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே போகும், கல் அதே இடத்தில் இருக்கும். எரிக்க என்ன விறகு? வயதாகிச் சாய்த்த பால்மரக் கட்டைகள்தான் பெரும்பாலும். தோட்டத்தில் மறுநடவு நடந்தால் சூளையில் விறகு குவியும். ஒரே மண்ணில் முளைத்த மரம் அதே மண்ணைச் செங்கல்லாக்கியது.

சூளைக்குள் நடப்பது அழகான விஷயம். முதலில் ஈரம் போகும். 500 டிகிரி தாண்டியதும் கயோலினைட்டின் உடம்போடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறும். அதன் பிறகு அது களி அல்ல. எத்தனை வருஷம் தண்ணீரில் போட்டாலும் திரும்பக் குழையாது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் மணல் சட்டென்று உருவம் மாறிப் பருக்கும். எங்கள் மண்ணில் குவார்ட்ஸ் அதிகம் என்பதால் ஏற்றும்போதும் ஆற்றும்போதும் அந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டினால் கல் வெடிக்கும். 900-லிருந்து 1,000 டிகிரிக்கு மேல் போகப் போக, மிஞ்சியிருக்கும் கொஞ்ச நஞ்சப் பொட்டாசியமும் இரும்பும் மண்ணை லேசாக உருகவைத்து, கண்ணாடிபோல் துகள்களைப் பிணைக்கும். துரு முழுச் சிவப்பாகும். சுத்தமான கயோலினைட் 1,700 டிகிரிக்கு மேலும் தாங்கும், சுலபத்தில் உருகாது. அதனால் மிகவும் மக்கிப்போன களியை மட்டும் வைத்தால் நல்ல செங்கல் வராது. அதோடு களிப்பாறை மண்ணைக் கலப்பார்கள். வேகாத கல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி போதும். இரண்டு கல்லைத் தட்டுங்கள். வெந்தது கணீர் என்னும், வேகாதது 'தொப்' என்னும். வேகாத கல் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சியே வருஷக்கணக்கில் சுண்ணாம்பை உதிர்க்கும்.

மலாக்கா பக்கம் போனால் வேறு ஒரு கட்டுமானக் கல். செம்புறைக்கல் என்று ஊரில் சொல்வோம், லேட்டரைட். மக்கிய மண்ணில் இரும்பு ஓரிடத்தில் சேர்ந்து கட்டியாவதால் உண்டாவது. ஃபிரான்சிஸ் புக்கானன் கேரளத்தில் அதைப் பார்த்து, 1807-இல் வெளிவந்த நூலில் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து அந்தப் பெயரைக் கொடுத்தார். போர்த்துகீசியர் மலாக்காவில் கோட்டை கட்டியதும் இந்தக் கல்லில்தான். எங்கள் தோட்டத்து மண் ரோடுகளில் லோரி லோரியாகக் கொட்டி உருட்டியதும் இதே சிவப்புக் கப்பிதான்.

கடற்கரைக்கு இறங்கினால் கதை தலைகீழாகும். பொந்தியான், பத்து பகாட், மூவார், கிள்ளான், கேரித் தீவுத் தோட்டங்கள் எல்லாம் கடல் களிமேல் இருப்பவை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட உயர்ந்து பின்வாங்கியது, அப்போது படிந்த சேறு அது. சில இடங்களில் உலர்ந்த மண்ணின் எடைக்குச் சமமான எடை தண்ணீர் அதில் இருக்கும். 1980-களின் கடைசியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்காக மூவாரில் மண்ணைக் கொட்டி எழுப்பிய சோதனைக் கரைகள் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டே போனார்கள். சுமார் 5.5 மீட்டரில் கரை சரிந்தது. ஜொகூரிலேயே ஒரு பக்கம் மலைமேல் கட்டலாம் என்னும் மண், மறுபக்கம் இரண்டு மாடி உயரக் கரையைக்கூடத் தாங்காத மண்.

மேட்டு மண் பத்திரம் என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. கருங்கல் மண் சரிவில் நிற்பதற்கு ஒரு காரணம், பாதி ஈரமான துளைகளில் இருக்கும் தண்ணீர் துகள்களை இழுத்துப் பிடித்திருப்பது. விடாமல் தண்ணீர் இறங்கித் துளைகள் நிறைந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த சரிவு, கவனிக்கப்படாத வடிகால், தொடர் மழை. அந்தச் சரிவும் கருங்கல் மக்கிய மண்தான். மேட்டில் வீடு வைத்திருக்கும் உறவுகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், பின்பக்கத்துக் காங்கிரீட் வாய்க்காலில் சருகு அடைக்க விடாதீர்கள். வெடிப்பு கண்டால் அடுத்த மழைக்குள் பூசிவிடுங்கள்.

சரி, எங்கள் அடுப்படி. புதுச் சுவரை ஒட்டி, கையால் திருகும் மண் துளைப்பான் ஒன்றைக் கடன் வாங்கித் தோண்டினேன். முதல் ஒரு மீட்டருக்கும் மேல் மஞ்சள் மண், நறநறப்போடு, நடுவில் உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக் பையும். அது குன்றிலிருந்து வெட்டிக் கொட்டிய ரெங்கம் மண், மேடாக்குவதற்காகப் போட்டது. அதன் கீழே கறுத்து நாறும் வேர்க்கும்பல். அதற்கும் கீழே சாம்பல் களி, கையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிப் பாட்டிலில் அந்தக் களியைத் தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்தது, வெறும் விரல் பருமன்தான். தண்ணீர் மறுநாள் காலையிலும் பால் மாதிரி கலங்கலாகவே இருந்தது.

எங்கள் தாமான் ஒரு பழைய பள்ளத்தை மூடிப் போட்டது. முன்வீட்டுக்கு மேம்பாட்டாளர் பைலிங் அடித்திருந்தார், அது கீழ்க் களியைத் தாண்டிக் கெட்டி மண்ணில் ஊன்றி நிற்கிறது. நாங்கள் நீட்டிய அடுப்படிக்கு மூன்றடி ஆழ அஸ்திவாரம்தான், கொட்டின மண்ணின் மேலேயே. கொட்டின மண் தானாக அமுங்க, அதன் பாரத்தில் சாம்பல் களி நீரைக் கக்கிச் சுருங்க, புதுப் பகுதி மெல்ல மெல்ல இறங்குகிறது. பழையது நகரவில்லை. இரண்டையும் கம்பி வைத்துச் சேர்த்துக் கட்டியதால் மூலை பிளந்தது. விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தது. வெளிப்பக்கம் கூடுதலாக இறங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். போதாததற்கு எங்கள் கூரைத் தண்ணீர் நேராக அந்த மூலையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

இன்னொரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் விரிசலை அடைக்கவில்லை. மூலையை மேலிருந்து கீழ்வரை நேராக அறுத்து, இரண்டு சுவர்களையும் பிரித்து, நடுவில் ரப்பர் மாதிரி இழுபடும் பசையை அடைத்தார். தண்ணீர்க் குழாயை வாசல் வாய்க்காலுக்குத் திருப்பினார். "இது இன்னும் இறங்கும் அண்ணே, இறங்கட்டும், தனியா இறங்கட்டும்" என்றார். அறுத்த இடத்தில் இரண்டு சுவரிலும் ஒரே மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். முதல் மழைக்காலத்துக்குப் பிறகு புதுச் சுவரின் கோடு நான்கு மில்லிமீட்டர் கீழே இருந்தது. போன மழைக்குப் பிறகு இன்னும் ஒன்று.